குறி தப்பிய மூன்று டார்பிடோக்கள்: நீர்மூழ்கி கேப்டன் ‘மஷ்’ மார்ட்டனின் கதை

ராத்திரி பதினொரு மணி. ஆபீஸ் லேப்டாப்பை மூடிவிட்டு, கம்ப்யூட்டரில் ‘சைலன்ட் ஹன்டர்’ கேமைத் திறக்கிறீர்கள். நீங்கள்தான் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன். தானாகக் குறிபார்க்கும் வசதியை ஆஃப் செய்துவிட்டு, கணக்கை நாமே போடலாம் என்று உட்காருகிறீர்கள். பெரிஸ்கோப்பில் ஒரு கப்பல் தெரிகிறது. கேம் மூன்று எண்களைக் கேட்கிறது. கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எந்தக் கோணத்தில் போகிறது? எவ்வளவு வேகத்தில் போகிறது?

முதல் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிடலாம். மூன்றாவதுதான் காலை வாரும். பார்த்தால் மெதுவாகப் போகிற மாதிரி இருக்கும். ஒரு எண்ணைத் தட்டிவிட்டு டார்பிடோவை விடுவீர்கள். அது கப்பலுக்குப் பின்னால், வெறும் தண்ணீரில் போய்ச் சேரும். பரவாயில்லை, சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி ஆடிக்கொள்ளலாம்.

இதே தப்பை நிஜக் கடலில், நிஜப் போரில் செய்த ஒருவர் இருந்தார். அமெரிக்கக் கடற்படையின் டட்லி வாக்கர் மார்ட்டன். கூட இருந்தவர்களுக்கு ‘மஷ்’ மார்ட்டன். இரண்டாம் உலகப்போரில் மிக அதிகம் பேசப்பட்ட நீர்மூழ்கி கேப்டன்களில் ஒருவர். ஒரு வேகக் கணக்கு தப்பியதும், அதை உடனே திருத்திக்கொண்டதும் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. இரண்டே நாள் கழித்து நடந்த இன்னொரு விஷயம், அந்தப் பெயரின் மேல் இன்றுவரை ஒரு கேள்விக்குறியாக நிற்கிறது. அதில் இந்தியர்களுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

யார் இந்த மார்ட்டன்?

1907 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஓவன்ஸ்பரோவில் பிறந்தார். 1930-ல் கடற்படை அகாடமியில் படித்து முடித்தார். ‘மஷ்’ என்ற பட்டப்பெயர் அகாடமி நாட்களில் ஒட்டிக்கொண்டது. அப்போது பிரபலமாக இருந்த ஒரு காமிக்ஸ் தொடரில் வந்த கேரக்டரின் பெயரிலிருந்து சுருங்கி வந்தது அது. ஆள் நல்ல கட்டுமஸ்து. வாய் ஓயாது. கதை சொல்வதில் கில்லாடி.

1942 கடைசியில் ‘வாஹூ’ என்ற நீர்மூழ்கியில், அடுத்து கேப்டன் ஆகக் காத்திருக்கும் அதிகாரியாக ஒரு ரோந்துப் பயணம் போனார். அப்போதைய கேப்டன் அளவுக்கு மீறி எச்சரிக்கை காட்டுகிறார் என்ற மனக்குறை கப்பலில் இருந்தது. கப்பல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குத் திரும்பியது. அந்த வருடத்தின் கடைசி நாள், டிசம்பர் 31 அன்று, வாஹூ மார்ட்டன் கைக்கு வந்தது.

வந்ததும் ஒரு வழக்கத்தை மாற்றினார். சாதாரணமாக கேப்டன்தான் பெரிஸ்கோப்பில் கண் வைப்பார். மார்ட்டன் அந்த வேலையைத் தன் துணை அதிகாரி ரிச்சர்ட் ஓ’கேனிடம் கொடுத்துவிட்டார். ஒருவர் பார்க்கட்டும், இன்னொருவர் யோசிக்கட்டும் என்பது கணக்கு. பெரிஸ்கோப்பில் முகம் புதைத்திருப்பவருக்கு அந்தச் சின்ன வட்டம் மட்டும்தான் உலகம். வெளியே நிற்பவருக்குத்தான் வரைபடம், சோனார், நேரம் எல்லாம் சேர்ந்து தெரியும்.

ஸ்கூல் அட்லஸை வைத்து ஒரு துறைமுகம்

1943 ஜனவரி 16 அன்று வாஹூ பிரிஸ்பேனிலிருந்து கிளம்பியது. போகிற வழியில் நியூகினித் தீவின் வடகரையில் உள்ள வெவாக் என்ற இடத்தை நோட்டம் விட வேண்டும் என்பது உத்தரவு. அது ஜப்பானியர் பயன்படுத்திய துறைமுகம். ஒரே சிக்கல், வெவாக் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற வரைபடம் கப்பலில் இல்லை!

கடைசியில் கைகொடுத்தது, ஒரு மெக்கானிக் ஆஸ்திரேலியாவில் வாங்கி வைத்திருந்த மலிவான ஸ்கூல் அட்லஸ். அதில் வெவாக் என்ற பெயர் இருந்தது. அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, கேமராவும் விளக்கும் கொண்டு கடற்படை வரைபடத்தைப் பெரிதாக்கி வரைந்துகொண்டார்கள்.

நோட்டம் விடுவது என்றால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். மார்ட்டனுக்கு அது துறைமுகத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்பது. ஜனவரி 24 அன்று, விடிவதற்கு முன்பே தண்ணீருக்கு அடியில் உள்ளே நுழைந்துவிட்டார்.

பகலில் பெரிஸ்கோப்பில் ஒரு டெஸ்ட்ராயர் ரகப் போர்க்கப்பல் தெரிந்தது. பெயர் ‘ஹருசாமே’. நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. நிற்கிற கப்பலுக்கு வேகம் பூஜ்யம், கணக்கே வேண்டாம். ஆனால் அடுத்த தடவை பெரிஸ்கோப்பை உயர்த்தியபோது, அது நகர ஆரம்பித்திருந்தது.

வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். அன்றைய நீர்மூழ்கிகள் எதிரிக் கப்பலின் வேகத்தை எப்படி அளந்தன? கேமில் இன்று பயன்படுவதும் இதே வழிகள்தான்.

ஒன்று, காது. கப்பலின் புரொப்பெல்லர் சுழலும் சத்தம் தண்ணீரில் நன்றாகக் கேட்கும். சோனார் ஆள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவார். இந்த ரகக் கப்பல் இத்தனை சுற்றுக்கு இவ்வளவு வேகம் போகும் என்று தெரிந்தால், விடை கையில்.

இரண்டு, கடிகாரம். பெரிஸ்கோப் கண்ணாடியின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். அதை ஆட்டாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கப்பலின் மூக்கு கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அழுத்து, வால் தாண்டும்போது நிறுத்து. கப்பலின் நீளத்தை நொடிகளால் வகுத்தால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். அதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய ‘நாட்’ கணக்கில் வேகம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. கப்பல் எந்தக் கோணத்தில் போனாலும் இந்த முறை பலிக்கும். ஏனென்றால் தன் முழு நீளமும் நகர்ந்தால்தான் அது அந்தக் கோட்டைத் தாண்ட முடியும். நம் நீர்மூழ்கி அசையாமல் நிற்க வேண்டும், கப்பலின் நீளம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

மூன்று, வரைபடம். கப்பல் இப்போது எங்கே என்று ஒரு புள்ளி வை. 3 நிமிடம் 15 நொடி கழித்து இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் 800 மீட்டர் என்றால் வேகம் 8 நாட். 1,500 மீட்டர் என்றால் 15 நாட். நூறால் வகுத்தால் போதும். அந்த 3 நிமிடம் 15 நொடியில் ஒரு நாட் வேகக் கப்பல் ஏறக்குறைய 100 மீட்டர் நகரும் என்பதுதான் இதன் ரகசியம். கேம் ஆடுபவர்கள் பலருக்கு இது மனப்பாடம்.

மூன்று வழிக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஒன்றே ஒன்று, நேரம். வெவாக்கில் மார்ட்டனிடம் இல்லாததும் அதுதான்.

15, 18, 20

கண்காணிக்க அவகாசம் இல்லாததால், ஹருசாமேயின் வேகம் 15 நாட் என்று தோராயமாக வைத்துக்கொண்டு மூன்று டார்பிடோக்களை விட்டார்கள். மூன்றும் கப்பலின் பின்பக்கமாகப் போய்விட்டன. அந்த நேரத்தில் சோனார் ஆள் எண்ணிச் சொன்ன வேகம் 18 நாட்.

மூன்று நாட் வித்தியாசம் என்பது மணிக்கு ஐந்தரை கி.மீ. ஒருவர் சாதாரணமாக நடக்கிற வேகம். இதுக்கா குறி தப்பும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கால அமெரிக்க மார்க் 14 டார்பிடோ 46 நாட் வேகத்தில் போகும். 1,600 மீட்டர் தாண்ட அதற்கு 65 நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில், நாம் நினைத்ததைவிட மூன்று நாட் கூடுதலாக ஓடும் கப்பல் நூறு மீட்டர் முன்னால் போயிருக்கும். ஹருசாமேயின் மொத்த நீளமே நூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதாவது ஒரு முழுக் கப்பல் நீளத்துக்குக் குறி தள்ளிப்போகும்.

ஸ்டாப்வாட்ச் முறையில் அளந்திருந்தால்கூட, 15 நாட்டுக்கும் 18 நாட்டுக்கும் இடையே வித்தியாசம் இரண்டரை நொடி மட்டுமே. ஒரு கப்பல் பிழைப்பதும் மூழ்குவதும் அந்த இரண்டரை நொடியில் இருக்கிறது.

நான்காவது டார்பிடோவுக்கு வேகத்தை 20 என்று மாற்றினார்கள். இந்த முறை கப்பல் திரும்பித் தப்பித்துக்கொண்டது. அதோடு விடவில்லை. டார்பிடோ விட்டுச்சென்ற குமிழித் தடத்தைப் பார்த்து, நீர்மூழ்கி இருக்கும் இடத்தை நோக்கி நேராகப் பாய்ந்து வர ஆரம்பித்தது.

மற்ற கேப்டன்களாக இருந்தால் ஆழத்துக்கு இறங்கியிருப்பார்கள். மார்ட்டன் இறங்கவில்லை. பெரிஸ்கோப்பை வெளியே வைத்தபடி, வாஹூவின் மூக்கை வருகிற கப்பலுக்கு நேராகத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்.

இது வீம்பு மாதிரி தெரியும். உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. பக்கவாட்டில் போகிற கப்பலுக்குத்தான் வேகம் பார்த்து முன்கூட்டி அடிக்க வேண்டும். நம்மை நோக்கி நேராக வருகிற கப்பலுக்கு வேகம் எவ்வளவு இருந்தாலும் ஒன்றுதான், நேராக அடித்தால் போதும். தப்பிப் போன அந்த ஒரு எண்ணே தேவைப்படாத நிலை. அதற்கு விலை? குறியின் அகலம் நூறு மீட்டரிலிருந்து பத்து மீட்டராகச் சுருங்கிவிடும். தவறினால் வெடிகுண்டுகளோடு அந்தக் கப்பல் தலைக்கு மேல் வந்து நிற்கும்.

ஐந்தாவது டார்பிடோ, ஏறக்குறைய 1,100 மீட்டர் தூரத்தில். படவில்லை. முன்பக்கக் குழாய்களில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கப்பல் ஏறக்குறைய 700 மீட்டர் தூரத்துக்கு வரும்வரை பொறுத்து, அதை விட்டார்கள். அது பட்டது.

ஹருசாமேயின் நடுப்பகுதி உடைந்ததை பெரிஸ்கோப் வழியே படம் எடுத்தார்கள். கப்பலை மூழ்கடித்துவிட்டதாகத்தான் மார்ட்டன் பதிவு செய்தார். உண்மையில் ஜப்பானியர் அதைக் கரையில் ஏற்றி, பழுது பார்த்து, மறுபடி போருக்கு அனுப்பினார்கள். 1944 ஜூனில் விமானத் தாக்குதலில்தான் அது மூழ்கியது.

பெரிஸ்கோப்பில் தெரியாதது

வெவாக்கிலிருந்து தப்பி வந்த இரண்டாவது நாள், ஜனவரி 26. நியூகினிக்கு வடக்கே ஒரு ஜப்பானியக் கப்பல் கூட்டத்தை வாஹூ மடக்கியது. அதில் ஒன்று ‘புயோ மாரு’ என்ற துருப்புக் கப்பல். வேகம், கோணம், தூரம் எல்லாம் சரியாக அமைந்தது. கப்பல் மூழ்கியது.

அதற்கப்புறம் வாஹூ மேலே வந்தது. கடல் முழுக்க உயிர்காப்புப் படகுகளும் தண்ணீரில் மிதக்கும் மனிதர்களும். மார்ட்டன் பீரங்கியாலும் துப்பாக்கிகளாலும் சுட உத்தரவிட்டார். படகிலிருந்து பதிலுக்குச் சுட்டார்கள் என்பது அவர் தரப்பு. படகுகளைத்தான் குறிவைத்தோம், மனிதர்களை அல்ல என்பது ஓ’கேன் பின்னாளில் சொன்ன விளக்கம். அங்கிருந்தவர்கள் எல்லோரும் இன்னொரு போர்முனைக்குப் போகும் ஜப்பானியச் சிப்பாய்கள் என்பதில் வாஹூவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் புயோ மாருவில் இருந்த 1,126 பேரில் 491 பேர் இந்தியர்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 16-வது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். ஜப்பானியரிடம் போர்க் கைதிகளாகச் சிக்கி, அந்தக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள். அமெரிக்காவோடு ஒரே அணியில் நின்று சண்டை போட்டவர்கள்.

அன்று இறந்தவர்கள் 195 இந்தியர்கள், 87 ஜப்பானியர்கள். டார்பிடோவில் எத்தனை பேர், துப்பாக்கிச் சூட்டில் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த விவரங்கள் போர் முடிந்து பல வருடங்கள் கழித்துதான் ஆய்வாளர்கள் வழியே வெளியே வந்தன. மார்ட்டன் இருந்தவரை அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தெரியாமல் செய்ததுதானே என்று விட்டுவிடலாமா? கைதிகள் இருந்தது தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் கப்பல் மூழ்கிய பிறகு தண்ணீரில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று, மார்ட்டன் பிறந்த அதே 1907-ல் ஹேக் நகரில் கையெழுத்தான கடற்போர் ஒப்பந்தம் சொல்கிறது. அவர்கள் எந்த நாட்டவர் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. 1944 மார்ச்சில் ‘பெலியஸ்’ என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்து, மிதவைகளைச் சுட்ட ஜெர்மன் நீர்மூழ்கி கேப்டன் ஹெய்ன்ஸ் வில்ஹெல்ம் எக், போருக்குப் பின் விசாரிக்கப்பட்டு 1945 நவம்பரில் மரண தண்டனைக்கு உள்ளாக்கப்பட்டார். மார்ட்டன் மேல் விசாரணை எதுவும் நடக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது பதக்கம்.

துடைப்பமும் பாராட்டும்

பிப்ரவரி 7 அன்று வாஹூ பேர்ல் ஹார்பருக்குள் நுழைந்தபோது, பெரிஸ்கோப் உச்சியில் ஒரு துடைப்பம் கட்டியிருந்தது. எதிரியைச் சுத்தமாகப் பெருக்கித் தள்ளிவிட்டோம் என்று அர்த்தம். பயணம் மொத்தம் 23 நாள்தான். அதுவரை தயங்கித் தயங்கிச் சண்டை போட்ட அமெரிக்க நீர்மூழ்கிப் படைக்கு, இப்படியும் செய்யலாம் என்று காட்டியது அந்தப் பயணம். கடற்படை ‘நேவி கிராஸ்’ கொடுத்தது. ராணுவமும் தன் பங்குக்கு ஒரு பதக்கம் கொடுத்தது.

அடுத்த பயணம் மஞ்சள் கடலுக்கு. போருக்குப் பின் சரிபார்க்கப்பட்ட கணக்குப்படியே அதில் ஒன்பது கப்பல்கள் மூழ்கின. அதற்கடுத்த பயணத்தில் மூன்று.

கணக்கு சரி, டார்பிடோ சரியில்லை

1943 ஆகஸ்டில் ஜப்பான் கடலுக்குள்ளேயே போனார். நான்கே நாளில் பன்னிரண்டு கப்பல்கள் கண்ணில் பட்டன. ஒன்பதைத் தாக்கினார். பத்து டார்பிடோக்கள் செலவாயின. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. சில நீர்ப்பரப்புக்கு மேலே துள்ளின, சில திசைமாறி ஓடின, சில கப்பலில் முட்டியும் வெடிக்கவில்லை.

இது மார்ட்டனுக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. மார்க் 14 டார்பிடோ, செட் செய்த ஆழத்தைவிடக் கீழே போகும், தவறான நேரத்தில் வெடிக்கும், சில நேரம் வெடிக்கவே வெடிக்காது. கேப்டன்கள் புகார் சொன்னபோதெல்லாம் நீங்கள் குறி பார்ப்பதுதான் சரியில்லை என்றே பதில் வந்தது. அதைச் சரிசெய்ய அமெரிக்காவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் பிடித்தது. தன் கணக்கு தப்பினால் அடுத்த டார்பிடோவிலேயே திருத்திக்கொண்ட மனிதரால், கொடுத்து அனுப்பிய ஆயுதத்தைத் திருத்த முடியவில்லை. கோபத்தோடு திரும்பினார்.

செப்டம்பரில் புதிய எலெக்ட்ரிக் டார்பிடோக்களோடு மறுபடி அதே ஜப்பான் கடலுக்குக் கிளம்பினார். அக்டோபர் 5 அன்று ‘கொன்ரோன் மாரு’ என்ற கப்பல் வாஹூவின் டார்பிடோவில் மூழ்கியது. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே ஆட்களை ஏற்றிப்போகும் பயணிகள் கப்பல் அது. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அக்டோபர் 11 அன்று, ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் சகாலின் தீவுக்கும் இடையே உள்ள லா பெரூஸ் நீரிணை வழியாக வாஹூ வெளியேற முயன்றது. ஜப்பானிய விமானங்களும் கப்பல்களும் சேர்ந்து குண்டு போட்டன. எண்ணெய் மேலே மிதந்து வந்தது. யாரும் பிழைக்கவில்லை. மார்ட்டனுக்கு அப்போது வயது 36.

அதன்பின்

ஓ’கேன் அந்தக் கடைசிப் பயணத்தில் இல்லை. அதற்கு முன்பே ‘டாங்’ என்ற நீர்மூழ்கிக்கு கேப்டனாக மாற்றலாகிப் போயிருந்தார். மார்ட்டனிடம் கற்றதை வைத்து, போரின் மிக வெற்றிகரமான அமெரிக்க நீர்மூழ்கி கேப்டன் ஆனார். 1944 அக்டோபரில் அவருடைய கடைசி டார்பிடோ வட்டமடித்துத் திரும்பி வந்து டாங்கையே மூழ்கடித்தது. அவர் பிழைத்து, ஜப்பானியரிடம் கைதியாக இருந்து, வீடு திரும்பினார்.

வாஹூவின் உடைந்த உடலை, 2006-ல் அதே நீரிணையில், ஏறக்குறைய 65 மீட்டர் ஆழத்தில் ரஷ்ய முக்குளிப்பவர்கள் படம் எடுத்தார்கள். அது வாஹூதான் என்று அமெரிக்கக் கடற்படை அந்த அக்டோபரில் உறுதி செய்தது. மார்ட்டன் பெயரில் ஒரு டெஸ்ட்ராயரும் இருந்தது. 1959-ல் சேவைக்கு வந்தது.

போருக்குப் பிந்தைய கணக்குப்படி மார்ட்டன் மூழ்கடித்தவை 19 கப்பல்கள். கேம் ஆடுகிறவர்கள் அவரை நினைப்பது வெவாக்கில் காட்டிய அந்த நிதானத்துக்காக. அதில் தப்பில்லை. முதல் கணக்கு தப்பினால் ஒத்துக்கொள், புதிதாக வந்த தகவலை உடனே எடுத்துக்கொள், பதறாதே. அது எந்த வேலைக்கும் பொருந்தும்.

ஆனால் பெரிஸ்கோப், ஸ்டாப்வாட்ச், சோனார் எல்லாம் சேர்ந்து சொல்வது கப்பலின் வேகத்தை மட்டும்தான். உள்ளே இருப்பது யார் என்று அவை சொல்லாது. அடுத்த முறை கேமில் வேகக் கணக்கு சரியாக வந்து, கப்பல் மூழ்கி, ஸ்கோர் ஏறும்போது, அந்த 195 பேரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட்டுத் தோற்று, கைதியாகி, நண்பன் விட்ட டார்பிடோவில் கடலில் விழுந்தவர்கள் அவர்கள்.